படகு மட்டும்தான் இந்த விலை

குளியலறைத் தண்ணீர் வடியாமல் போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு குற்றவாளிதான். அவளுடைய தலைமுடி.

"இடுப்பு வரைக்கும் வளத்து வெச்சிருக்க. வேற எது போய் அடைக்கும்?" என்றான் கணவன். அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். எந்த இயந்திரம் ஏன் நின்றது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அவளும் நம்பினாள். வீட்டில் இருப்பது இரண்டு தலை, அவன் தலையில் இருப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தினமும் காலையில் கணுக்கால் வரை தேங்கிய சாம்பல் நிறத் தண்ணீரில் நின்று குளித்தாள். நுரையும், யாரோ மென்று துப்பியது போன்ற ஏதோ ஒன்றும் காலைச் சுற்றிச் சுற்றி வரும். குளித்து முடித்து அத்தனையையும் மொண்டு வாளியில் ஊற்றி, கழிப்பறையில் கொட்ட வேண்டும். பிறகு காலைக் கழுவ வேண்டும். கழுவினால் அந்தத் தண்ணீரும் தேங்கும். எத்தனை சோப்பு போட்டாலும் நாற்றம் தன் மேலேயே இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. ஒருநாள் மருத்துவர் மேசையருகே நின்று மோப்பம் பிடித்து, "இங்க எலி ஏதாவது செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். எலியைத் தேடுகிறவள் போல அவளும் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள்.

குழாய் வேலைக்காரரைக் கூப்பிட அவள் எடுத்து வைத்திருந்த பணம், அடைப்புக்கு முன்பே கணவன் வாங்கியிருந்த படகின் பாய்மரத்துக்குப் போய்விட்டது.

ரிமோட்டில் ஓட்டுகிற பந்தயப் பாய்மரப் படகு. காற்றில்தான் ஓடும், ரிமோட் சுக்கானைத் திருப்பும், பாயை இழுத்துத் தளர்த்தும், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் ஏரியில் இந்தப் படகுகளைப் பந்தயம் விட ஒரு கிளப் இருந்தது. கிளப் தலைவர் வீட்டு லிப்டைச் சரிசெய்யப் போன இடத்தில் இவனுக்கு அந்த நோய் தொற்றியது. கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிவாள். கிளப்காரர்களுக்குப் பணம் இருக்கிறது, படகு விடுகிறார்கள். இவனுக்கு என்ன கேடு?

விளம்பரத்தில் போட்டிருந்த விலை அவளுக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கீழே பொடி எழுத்தில் 'படகு மட்டும்' என்று இருந்ததை இருவருமே பார்க்கவில்லை. பாய் தனி. அதிலும் இளங்காற்றுக்கு ஒன்று, நடுக்காற்றுக்கு ஒன்று, பலத்த காற்றுக்கு ஒன்று. ரிமோட் தனி, பேட்டரி தனி, அடியில் தொங்கும் ஈயக் குண்டு தனி. கார்பன் குழாயில் செய்த பாய்மரம் மட்டுமே ஏறக்குறைய படகின் விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"இன்னும் எவ்வளவு போகும்?"

"இதோட முடிஞ்சுது."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"அது பாய்க்குச் சொன்னது."

சிக்கனம் என்று சொல்லி, படகைப் பூச்சு வேலை முடியாத வெறும் கூடாகத்தான் வாங்கியிருந்தான். வாங்கிய கையோடு, தூசி படக்கூடாதென்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்தால் கண்ணாடிபோல இறுகும் ரெசினை இரண்டு டப்பாவிலிருந்து கலந்து, மஞ்சள் சாயம் சேர்த்து, தானே பூசினான். பொண்ணு பார்க்கப் போகிறவன் முகத்துக்குப் பூசுவதுபோல அத்தனை பக்குவம். ஏரியில் ஒத்திகை விட்டு வந்த அன்றெல்லாம் அதைக் குடிதண்ணீரில் கழுவி, அவளுடைய ஹேர் டிரையரால் உலர்த்தினான்.

"ஏரித் தண்ணி ஒரே அழுக்கு," என்றான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

சாக்கடை வாளியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாளியால் அல்ல.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பார்லரில் முடியை வெட்டிக்கொண்டாள். பார்லர்காரி பின்னலைப் பையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் அவன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்து, "நல்லதாப் போச்சு. இனிமே அடைக்காது," என்றான். அடைத்தது. "பழைய முடி உள்ள இருக்கும்ல," என்றான்.

முதல் பந்தயம் வந்த ஞாயிற்றுக்கிழமை. அவன் பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். தண்ணீர் குளியலறைப் படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. துடைப்பக் கட்டையை வடிகுழியில் விட்டுக் குத்தினாள், அது ஒடிந்தது. சோபாவில் துணி போர்த்திப் படுத்திருந்தது பாய்மரம். எடுத்தாள். இறகுபோல இருந்தது, வளையவும் இல்லை. விலைக்கு ஏற்ற சரக்குதான் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே ஓங்கிக் குத்தினாள். நாலாவது ஐந்தாவது குத்தில் உள்ளே ஏதோ விண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கை வரை கையை விட்டு வெளியே இழுத்தாள்.

முடி இல்லை. கல்லாக இறுகிய மஞ்சள் கட்டி. கழுவிப் பார்த்தாள், பளபளவென்று படகின் அதே மஞ்சள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

அவன் வந்தபோது பாய்மரம் குளியலறைச் சுவரில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இத உள்ள விட்டியா? இது எவ்வளவு விலை தெரியுமா உனக்கு?"

"தெரியும்." அவள் கட்டியைக் கொண்டுபோய்ப் படகின் மேல் வைத்தாள். "இதுல ஒரு முடி இருந்தா எடுத்துக் காட்டுங்க."

அவன் கட்டியைப் பார்த்தான். படகைப் பார்த்தான். லிப்ட்காரனுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"கலக்கினதுல மிச்சம். கொஞ்சந்தான் ஊத்தினேன்," என்றவன், பாய்மரத்தை மோந்து பார்த்து, "மரம் நாறுது. இன்னிக்குப் பந்தயம் வேற," என்றான்.

அவள் குடிதண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அழுக்குத் தண்ணீர் நிற்காமல் ஓடியது. தலையில் ஊற்றிக்கொள்ளக் குவளையை எடுத்தவளின் இன்னொரு கை, பழக்கத்தில், முடியை அவிழ்க்கப் பின்கழுத்துக்குப் போயிற்று. அவிழ்க்க அங்கே எதுவும் இல்லை.