நின்னு போச்சு

எல்லம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். எனக்கு வாயில் நல்லதாக ஒன்றும் வரவில்லை. அவளுடைய கடைசிப் பெண் இரண்டாம் வகுப்புப் படிக்கிறது!

பொழிச்சலூர் போகிற வழியில் இருந்த மாத்திரைக் கம்பெனியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலுக்கு மூடி போடுகிறவர்கள் நாங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், ஐம்பத்தெட்டு வயது ஆனவர்களைக் கழித்துக்கட்ட முதலாளிக்கு ஆசை வந்தது. எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கிடையாது. டாக்டரே பார்த்து வயதை முடிவு செய்வார் என்றார்கள். அவர் பல்லைப் பார்த்தார், தலைமுடியைப் பார்த்தார், பிறகு "நின்னுடுச்சா?" என்று கேட்டார். இந்தப் பைத்தியக்காரி, "ஆமா டாக்டர், போன வருசமே நின்னு பூட்ச்சு. சனியன் தொலஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மாதாமாதம் வந்துகொண்டிருந்தபோது, அடிக்கடி கக்கூசுக்குப் போகிறாள் என்று சூப்பர்வைசர் மெமோ கொடுத்தான். வந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். என்ன பிழைப்பு இது!

யூனியன் செயலாளர் சத்தியநாதன் சாரிடம் போனோம். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பிரசவத்துக்குச் சட்டம் இருக்கும்மா. இதுக்கு ஒண்ணும் இல்லையே."

"பெத்துப் போடுற வரைக்கும்தான் நாங்க பொம்பளைங்களா சார்?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆனாலும் லேபர் ஆபீசில் மனுப் போட்டார்.

விசாரணைக்கு அதிகாரி, கம்பெனி வக்கீல், டாக்டர் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"ஏழு வருஷம் முந்தி கம்பெனியே இவங்களுக்குப் பிரசவ லீவு கொடுத்திருக்கு. அம்பத்தொரு வயசுலயா சார் பெத்தாங்க?" என்றார் சத்தியநாதன் சார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"சில பேருக்கு அப்படியும் ஆகும்," என்றார் டாக்டர், கூசாமல்.

எல்லம்மா எழுந்தாள். "சார், எனக்கு நாப்பத்திரண்டுதான் ஆவுது. எங்கம்மாவுக்கும் இப்டித்தான், சீக்கிரமாவே நின்னு..."

அதிகாரி அவசரமாகக் கையை உயர்த்தினார். "இது பொம்பளைங்க சமாச்சாரம். லேடீஸ் கொஞ்சம் வெளியில இருங்க. நாங்க பேசிக்கிறோம்."

வராந்தாவில் நின்றோம். உள்ளே யாரோ சிரித்தார்கள். கடைசியில் சத்தியநாதன் சார் தலையைக் குனிந்தபடி வந்தார். டாக்டர் சொன்னதுதான் வயதாம்.

தாம்பரம் ரயிலில் லேடீஸ் பெட்டி நிரம்பி வழிந்தது. பல்லாவரம் தாண்டியதும் எல்லம்மா என் காதருகே வந்தாள்.

"தபீதாக்கா, உன்னியும் கேப்பானுங்க. நின்னாலும் மாசாமாசம் ஆவுதுன்னே சொல்லு."

"செத்தாலும் ஆவுதுன்னே சொல்றேண்டி," என்றேன்.