ஏமாந்தவர் தரப்பு

அப்பாவின் இடது கையைச் சட்டைக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மகள் கட்டிலில் மண்டியிட்டு அவருடைய முழங்கையை மெல்ல மடக்கி உள்ளே விட்டாள். மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாய் காலரில் சிக்கிக்கொண்டது.

"போன்ல கழுத்துக்கு மேலதாம்ப்பா தெரியும். சட்டை எதுக்கு?"

"கோர்ட்டுக்கு யாராவது பனியனோட போவாங்களா?"

டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஐந்து வருடங்களுக்கு முன், லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் அப்பா ஒரு கட்டடக்காரரிடம் வீட்டுக்காகக் கட்டினார். அவரைப் போல இருநூறு குடும்பங்கள். தூண்கள் மட்டும் எழும்பின. கட்டடக்காரர் மோசடி வழக்கில் பிடிபட்டதும் அவருடைய வங்கிக் கணக்குகளையும் நிலங்களையும் கோர்ட் முடக்கி வைத்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இப்போது, முடக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தன் வக்கீல் செலவுக்கு விடுவிக்க வேண்டும் என்று கட்டடக்காரர் மனுப் போட்டிருந்தார். ஒரு காசுகூட விடக்கூடாது என்றது ஏமாந்தவர்கள் சங்கம். முடிவெடுக்கும் முன் ஏமாந்தவர்களில் மூன்று பேர் சொல்வதைக் கேட்பதாக நீதிபதி அறிவித்தார். மூவரில் அப்பாவும் ஒருவர். படுக்கையில் இருப்பதால் போனில் பேச அனுமதி கிடைத்திருந்தது.

"கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு முடிச்சிடுங்க. மூச்சு வாங்கும்."

"பாக்கலாம்," என்றார் அப்பா. அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குப் பழக்கமானது. தான் நினைத்ததைத்தான் செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

பதினொன்றேகாலுக்கு அவருடைய முறை வந்தது. திரையில் நீதிபதியம்மாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தேம்மா," என்று தொடங்கினார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்ட மேலயோ கீழயோ ஒரு மாடிக்குக் கொண்டுபோனாத்தான் கதவு திறக்கும். இந்தக் கேஸும் நடுவுல நிக்குது. வக்கீல் இல்ல, பணம் இல்லன்னு வாய்தா மேல வாய்தா. அவருக்கு வக்கீல் செலவக் குடுங்க."

மகள் அவர் தோளைத் தொட்டாள். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா மொத்தமா அவர் கையில குடுக்காதீங்க. பில்லப் பாத்து நேரா வக்கீலுக்கே குடுங்க. ஒவ்வொரு தடவையும் எங்களக் கேட்டுட்டுக் குடுங்க. அது எங்க வீட்டுப் பணம்."

மூச்சு வாங்கியது. நீதிபதி காத்திருந்தார். பிறகு, "இன்னும் ஏதாவது சொல்லணுமா ஐயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

ஒரு மணிக்கு உத்தரவு வந்தது. கட்டடக்காரர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. பில் பார்த்த பிறகு. ஒவ்வொரு முறையும் ஏமாந்தவர் தரப்பைக் கேட்ட பின்பே.

மகள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து 'டக்'கென்று வைத்தாள். "நம்ம பணத்துல அவனுக்கு வக்கீலு. நல்லா இருக்குப்பா."

"வக்கீல் இல்லாம தண்டிச்சா மேல்கோர்ட்டுல போய், எனக்காகப் பேச ஆளே இல்லன்னு அழுவான். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. உனக்கு அந்த அலைச்சல் வேணுமா?"

அவள் பிஸ்கட்டை நனைத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. "இதுக்கும் ஒரு வாய்தா," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

"அஞ்சு வருஷம் எந்த ஆபீசுக்குப் போனாலும், ஒக்காருங்க கூப்பிடுறோம்னுதான் சொன்னாங்க," என்றார் அப்பா. "இன்னைக்குத்தான் இன்னும் ஏதாவது சொல்லணுமான்னு ஒருத்தர் கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன். எனக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல."

வாயைத் துடைத்துவிட்டாள். அவர் கண்ணை மூடினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்தாள். கடைசித் துண்டை மடித்துவிட்டு நிமிர்ந்தபோது மணி மூன்று இருக்கும். ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மார்பில் கையை வைத்தாள். அது ஏறி இறங்கவில்லை. வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை. பிறகு மெஷினை நிறுத்தினாள். அந்த அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

நாலரைக்குச் சங்கச் செயலாளர் வந்தார். பேக்கரி வைத்திருப்பவர். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு, கதவு முழுதாகத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"எங்கம்மா உங்கப்பா? இருநூறு குடும்பம் ஒண்ணு சொல்லுது, இவர் மட்டும்..."

"உள்ள வாங்க அங்கிள்."

கட்டிலைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்து உட்காரச் சிறிது நேரம் ஆயிற்று.

"நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்மா."

"கேளுங்க. உங்களோட சண்டை போடறதுன்னா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. டீ குடிச்சார். சந்தோஷமாத்தான் இருந்தார்."

"நம்மளக் கேட்டுத்தான் விடணும்னு உத்தரவுல இருக்கறது சாதாரண விஷயம் இல்லன்னு நம்ம வக்கீலும் சொன்னார்," என்றார், யாரிடமோ ஒப்புக்கொள்வது போல. "சரி, அடுத்த தடவ கேக்கறப்ப உங்கப்பா எடத்துல யாரு பேசறது?"

"நான் வர்றேன்."

அவர் தலையாட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய் ஒவ்வொருவராகப் போனில் அழைக்கத் தொடங்கினார்.

ஆறு மணிக்குள் சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். காலையில் அப்பா பேசியதைக் கேட்டுத் திட்டியவர்களும் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தம் கதவைத் திறந்து நாற்காலிகளை எடுத்துக் கொடுத்தார். படிக்கட்டு முழுக்கச் செருப்புகள், இரண்டாம் மாடி வரைக்கும். கடைசியாக வந்த பெண்மணிக்குச் செருப்பை விட எங்கும் இடம் கிடைக்கவில்லை. மகள் போய்க் கதவருகே நின்றபோது, அவர் தம் செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அடுத்தவர் செருப்பை மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.