மூன்று படகுகளில் ஒரே வாக்கியம்

1

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் குறை வரக்கூடாது. இது கதையாகப் பிறக்கவில்லை. அக்கா ஆடும் கனோ போலோ குழு ஆண்டு மலர் போடுகிறது. அதில் ‘எந்த ஆட்டக்காரருக்கு எந்தப் படகு’ என்று இரண்டு பக்கக் கட்டுரை வேண்டும் என்றார்கள். நான் பிழை திருத்துபவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளிலிருந்து மிக்ஸியோடு வரும் கையேடு வரை என் மேஜைக்கு வரும். ஒரே வாக்கியம் இரண்டு தடவை வந்தால் ஒன்றை அடித்துவிடுவேன், அதுதான் என் பிழைப்பு. படகில் கால் வைத்ததில்லை, நீச்சலும் தெரியாது. பாரபட்சம் இருக்காது என்றுதான் என்னைக் கேட்டார்கள் போலிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘கனோ போலோ என்பது ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் கயாக் படகில் அமர்ந்து, பந்தை எறிந்து, தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கும் வலைக்குள்—’ எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: ‘நீர் என்பது—’ [அடித்துவிட்டேன். நீர் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.]

மூன்றாம் தொடக்கம்: ‘பந்து உன் கையில் இருந்தால் உன்னைப் பிடித்துத் தள்ளலாம்.’

இது பரவாயில்லை. நிஜமாகவே அதுதான் விதி. கையில் பந்து இருப்பவரின் தோளில் கைவைத்து எதிராளி தள்ளலாம். படகோடு கவிழ்ந்து தலைகீழாகத் தொங்குவீர்கள். முட்டியைப் படகின் மேல்தளத்தில் உள்ளிருந்தே அழுத்தி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் படகு புரண்டு உங்களை மேலே கொண்டுவரும். முடியாவிட்டால், தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் ரப்பர் பாவாடையை* உருவிவிட்டு நீந்தி வெளியே வரலாம். ஆபத்தில்லை, அவமானம்தான்.

* குழுவில் ஆண்களும் கூசாமல் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை.

3

இனி அக்கா. பல் டாக்டர், வயது நாற்பத்தாறு, பதினோரு வருஷமாகக் கோல் காப்பவள். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து வலையை மறைப்பாள். பந்தைப் பிடித்தால் உடனே எறிய மாட்டாள், ஆளைத் தேடுவாள். அதனால் அடிக்கடி கவிழ்வாள். கவிழ்ந்த வேகத்தில் எழுந்து, சொட்டச் சொட்ட எறிவாள். அதற்காகவே பார்க்க வருகிறவர்கள் உண்டு.

அவளுடைய பழைய படகில் விரிசல் விழுந்தது. புதுசு வாங்க வேண்டும். கடையில் மூன்று படகுகளை இரவல் வாங்கிவந்து, மூன்று சனிக்கிழமை நீச்சல் குளத்தில் ஓட்டிப் பார்த்தாள். குறிப்புகளை என்னிடம் கொடுத்தாள். அவற்றைக் கட்டுரையாக்குவதுதான் என் வேலை. இதோ, அப்போது எழுதியது:

ஊசி (இதெல்லாம் குழு வைத்த பட்டப்பெயர்): ஒல்லி, லேசு. நாலு துடுப்பில் எதிரணி வலைக்கு முன்னால் நிற்கலாம். முன்னால் ஓடி கோல் போடுகிறவருக்கு. நின்ற இடத்தில் ஆடும். கவிழ்ந்தால் முட்டி நழுவுகிறது.

எருமை: மூக்கு உப்பலாக இருக்கும், அடுத்தவர் படகின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். வழி மறிக்கும் தடுப்பாட்டக்காரருக்கு. திரும்ப நேரமெடுக்கும். கவிழ்ந்தால் முட்டி நழுவுகிறது.

பலகை: அடிப்பக்கம் தட்டை, அகலம். கோல் காப்பவருக்கென்றே செய்தது போல அசையாமல் நிற்கும். கவிழ்ந்தால் முட்டி நழுவுகிறது.

குறிப்புகளோடு ஒரு கடிதமும் இருந்தது. குழுத் தலைவருக்கு. ‘மூன்று வாரமாக ஒரு தடவைகூட என்னால் எழ முடியவில்லை. உடம்பு போதும் என்று சொல்லிவிட்டது. விலகிக்கொள்கிறேன்.’ தேதி போடவில்லை.

“மலர் வந்ததும் குடுத்துடுவேன். இந்தக் கட்டுரைதான் நான் குழுவுக்குச் செய்ற கடைசி வேலை. கடிதத்துல எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாரு,” என்றாள்.

பிழை இல்லை. பல் பிடுங்கியதற்குச் சீட்டு எழுதுவதுபோலச் சுத்தமாக எழுதியிருந்தாள். அன்றைக்கு எனக்கு எதுவும் ஓடவில்லை.

4

‘மூன்றாவது சனிக்கிழமை, பலகையில் இருந்தபோது அவள் கவிழ்ந்தாள். தலைக்கவசக் கம்பிக்குள் தண்ணீர் புகுந்தது. குளத்தின் நீல ஓடுகள் தலைக்கு மேலே வந்தன. இடுப்பை வெட்டினாள். முட்டி—’

இந்த இடத்தில் நிறுத்தி, எழுதியவரை அக்காவுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். உண்மை என்னவென்றால், எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. அவள் எழமாட்டாள் என்று தெரிந்துகொண்டே எப்படி எழுதுவது? மதியம் அக்கா அதைப் படித்துவிட்டுப் போன் பண்ணினாள்.

“என்னைத் தலைகீழாத் தொங்க விட்டுட்டு நீ பாட்டுக்குச் சாப்பிடப் போயிட்டியாடி?”

“பசிச்சுது.”

“எனக்கு மூச்சு முட்டுது. சீக்கிரம் வந்து வெளிய எடு.”

சிரித்தாள். சிரிப்பு சரியில்லை.

5

திரும்ப உட்கார்ந்தேன். கையில் வேறு வேலை ஓடாதபோது பழக்கப்பட்ட வேலையைச் செய்வேன். ஒரே வாக்கியம் மூன்று தடவை. முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அடிக்கப் பேனாவை எடுத்தேன். ஒன்றை அடித்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மிக்ஸிக் கையேட்டில் ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தால் எழுதினவர் சோம்பேறி. அக்கா சோம்பேறி இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று படகு, அவற்றில் ஒரே குறை எப்படி வரும்?

போன் போட்டேன்.

“பழைய படகுல முட்டி நழுவுமா?”

“அதுல நழுவாது. வயசாச்சுடி, தொடைல பிடிப்பு இல்ல.”

“அதுல கடைசியா எப்பக் கவிழ்ந்தே?”

“விரிசல் விடறதுக்கு முந்தின வாரம். பல் விளக்குற மாதிரி எழுந்து வந்தேனே.”

“அப்ப ஒரே வாரத்துல வயசாயிடுச்சா?”

க்ளினிக்கில் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

6

இனி வருவதை நான் பார்க்கவில்லை, அக்கா சொல்லக் கேட்டதுதான்.

அன்று சாயங்காலம் அக்கா போனபோது, படகுக் கொட்டகையில் தலைவர் வலையின் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். நெட்டை என்று கூப்பிடுவார்கள். நல்ல மனுஷன், எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் சோறு இறங்காது. அக்கா நேரே பலகையின், ஆள் உட்காரும் வாய்க்குள் தலையை விட்டாள். உள்ளே, பாதத்தை ஊன்றிக்கொள்ள ஓட்டை ஓட்டையாக நகர்த்தி மாட்டும் தட்டு எங்கோ தூரத்தில் இருந்தது.

கால் ஊன்றினால்தான் முட்டி மேலே அழுந்தும். உட்கார்ந்திருக்கும்போது விரல்நுனி தட்டில் பட்டது, அதனால் சந்தேகம் வரவில்லை. கவிழ்ந்தால் அந்த நுனியும் விலகிவிடும். பழைய படகில் அவள் காலுக்கு அளவெடுத்து நுரைக்கட்டை ஒட்டியிருந்தார்கள். பதினோரு வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை. தட்டு என்று ஒன்றை நகர்த்தி வைக்க வேண்டும் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

“ஏம்பா, இந்தத் தட்டை யாரு வச்சது?”

“நான்தான் டாக்டர். மூணுலயும் டேப் வச்சு அளந்து, ஒரே அளவா வச்சேன். ஒப்பிட்டுப் பாக்குறோம்னா நியாயமா இருக்கணும்ல?”

“சரி. யார் கால் அளவு?”

நெட்டை குனிந்து தன் காலைப் பார்த்தார். [இது மட்டும் என் கைச்சரக்கு. அக்கா ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: இல்லடி, நிஜமாவே பாத்தார்.]

அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதாளாம். மூன்று வாரம் தன்னைத் தானே கிழவியாக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு நோயாளியின் முன்னாலும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் ஐந்து ஓட்டை தள்ளியிருந்த ஒரு தட்டுக்காக. நெட்டை பதறிப்போய்க் கையில் கிடைத்த துண்டை நீட்ட, அது படகு துடைக்கும் துண்டு. அதிலேயே முகம் துடைத்தாள்.

7

கட்டுரை குப்பைக்குப் போயிற்று. மூன்று படகுகளையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அச்சகம் காத்திருக்காது, அதனால் மலரில் இதைப் போடுகிறார்கள். கட்டுரைக்கு வந்தவர்களுக்கு ஒரே ஒரு ஆலோசனை: எந்தப் படகானாலும் முதலில் கால் எட்டுகிறதா என்று பாருங்கள்.

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா எழுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். சினிமா. இன்னொன்றில் தட்டு சரியாக இருந்தும் எழமுடியவில்லை, பயம்தான் காரணம். இலக்கியம். அக்கா இரண்டையும் படித்துவிட்டு, “எதுவும் எழுதாத. சனிக்கிழமை வா,” என்றாள்.

போனேன். குளத்தங்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஐந்து ஓட்டை தன் பக்கமாக இழுத்த தட்டோடு, பலகையில் அக்கா. பந்து அவள் கைக்கு வந்தது. வழக்கம்போல எறியாமல் ஆளைத் தேடினாள். நெட்டை பக்கத்தில் வந்து, “டாக்டர், தள்ளட்டுமா?” என்றார். “கேட்டுட்டா தள்ளுவாங்க?” என்றாள். தள்ளினார்.

தலைக்கவசக் கம்பிக்குள் தண்ணீர் புகுந்தது. நீல ஓடுகள் தலைக்கு மேலே வந்தன. அவள் இடுப்பை—

இங்கே நிறுத்துகிறேன், இந்தத் தடவை பசியினால் அல்ல. முதல் வரியிலிருந்தே நான் எவ்வளவு லேசான மனசோடு பேசுகிறேன் என்று கவனித்திருப்பீர்கள். தேதி போடாத அந்தக் கடிதம் இப்போது என் மேஜைக்காலுக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது, மேஜை ஆடுவதில்லை. வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். அவசரமில்லை, மெதுவாக யோசியுங்கள்.

அவள் கால் எட்டுகிறது.