ஸ்கேல் வைத்து அளந்த ஊர்

அப்பா சாப்பாட்டு மேசையில் நான்கு சுற்றுலாக் கையேடுகளைப் பரப்பினார். நான்கும் மகள் எழுதியவை. சுற்றுலா அலுவலகம் ஒன்றில் பத்து வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு: படிக்கிறவன் உடனே பெட்டி கட்டுகிற மாதிரி ஊர்களைப் பற்றி எழுத வேண்டும்.

"முடிவு பண்ணியாச்சு பாப்பா" என்று அப்பா ஒன்றை எடுத்து ஆட்டினார். "இந்த மலை ஊருதான். அந்தக் காலத்துக் கல் வீடு, கல் பாவின தெரு, மணிக்கூண்டு. வண்டி எதுவும் உள்ள வரக் கூடாதாம். எல்லாம் பத்து நிமிட நடையில்னு நீயே எழுதியிருக்கே! டாக்டரும் நடக்கத்தானே சொல்லியிருக்கார்?"

டாக்டர் சொன்னது சமதளத்தில். ஏற்றம் ஆகாது, படி ஏறவே கூடாது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அப்பாவின் இதயக் குழாயில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். அதே வார்டில் அதே வாரம் ஸ்பிரிங் வைத்துக்கொண்ட மூன்று பேர் இப்போது அவருக்கு உயிர் நண்பர்கள். ஸ்பிரிங் கோஷ்டி என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு தினமும் பூங்காவைச் சுற்றி வருவார்கள். ஊருக்குக் கிளம்புவதும் இந்தக் கோஷ்டிதான். சனிக்கிழமை பஸ்.

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். வரைபடத்தை விரித்து, விடுதியிலிருந்து மணிக்கூண்டுக்கு ஸ்கேலை வைத்து, இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று போட்டுவிட வேண்டியது. காகிதத்தில் மேடு ஏது, பள்ளம் ஏது? ஸ்கேலுக்கு மூச்சு வாங்குமா என்ன?

"வேற ஊர் பாக்கலாம்பா. அங்க குளிர் ஜாஸ்தி."

"போத்திக்கிட்டா போச்சு."

"மழை வேற வரும்."

"இந்த மாசம் மழையே இருக்காதுன்னு போட்டிருக்கியே. உன் எழுத்தை நீயே நம்பலேன்னா எப்படி?" என்று அப்பா சிரித்தார்.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஊர் விடுதிக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, உங்க விடுதியிலிருந்து மணிக்கூண்டுக்கு நடந்து போக எவ்வளவு நேரமாகும்?"

"எங்களுக்குன்னா கால் மணி நேரம்" என்றாள் விடுதிக்காரம்மா. "வர்றவங்க உக்காந்து உக்காந்துதான் ஏறுவாங்க. பூரா படிக்கட்டுல்ல?"

"எத்தனை படி?"

"யாரு எண்ணுனா? இருங்க, எம் பொண்ணு எண்ணியிருக்காளாம். இருநூத்திப் பதினாலு. சாப்பிடப் போகணும்னா அதுக்கும் மேல ஏறணும். ஏன், வயசானவங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள். கண்ணுக்குள் ஒரு படம் ஓடியது. நடுப்படியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். சுற்றிலும் மூன்று கிழவர்கள், கையைப் பிசைந்துகொண்டு. வாகனச் சத்தமே கேட்காத ஊர் என்று வேறு பெருமையாக எழுதியிருந்தாள். ஆம்புலன்ஸ் சத்தமும்தான் கேட்காது, அடிப்பாவி!

அறை காலியில்லை என்று ஒரு பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். சொன்னால் அப்பா என்ன செய்வார்? அதே ஊரில் வேறு விடுதி தேடுவார். பிடித்த பிடியை விடுகிற மனிதரா அவர்? சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டு உடைத்தாள்.

"அப்பா, அந்த ஊருக்கு நான் போனதே இல்ல. ஸ்கேல் வச்சு அளந்து எழுதினேன். இருநூறு படிக்கு மேல இருக்காம். நீங்க யாரும் போகக் கூடாது."

அப்பா அந்தக் கையேட்டை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கோஷ்டியின் தலைவரான டிரில் மாஸ்டருக்குப் போன் செய்தார்.

"யோவ், சனிக்கிழமை ரத்து. ஆமாய்யா, ஒரே படிக்கட்டாம். பொண்ணு எழுதித்தான் இருக்கா, நான்தான் கண்ணாடி போடாம படிச்சுத் தொலைச்சுட்டேன்." அந்தப் பக்கம் ஏதோ கேலி நடந்திருக்க வேண்டும். "திட்டுய்யா, நல்லாத் திட்டு" என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அவள் கூனிக்குறுகிப் போனாள். அப்பா வாயிலிருந்து ஒரு பொய் வந்து அதுவரை அவள் கேட்டதே இல்லை.

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

"சரி விடு. பாவம், மூணு பேரும் ஆசையாக் கிளம்பி நிக்கிறானுங்க. நீ நேர்ல போயி, உன் காலால நடந்து பாத்த ஊரு ஒண்ணு சொல்லு. அங்க போறோம்."

நாற்பத்திரண்டு ஊர்களைப் பற்றி எழுதியவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"சின்ன ஊரா இருந்தாலும் பரவாயில்லம்மா" என்றார் அப்பா.