நாற்காலியின் ஈரம்

"பஞ்ச நல்லா வச்சு அடைங்க, அவருக்கு ஒழுகும்" என்று, உள்ளே அப்பாவைக் குளிப்பாட்டுகிறவரிடம் அறைவாசலில் நின்று சொன்னான் ஃபவ்ஸி. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான். இல்லாவிட்டால் அவன் பட்ட கஷ்டம் ஊருக்கு எப்படித் தெரியும்? பெரிய கஷ்டம்தான்! மாதாமாதம் ஒரு பொட்டலம் டயாப்பரைப் படியில் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போவான் மகராசன்.

தங்கை சுஹைர் லூலியைக் குளியலறையில் பூட்டி வைத்திருந்தாள்.

ஒழுகியது லூலிக்கு, அப்பா வளர்த்த நாய்க்கு. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பிறவியிலேயே சிறுநீர்ப்பைக்குள் இறங்காமல், அதைத் தாண்டிக் கீழே போய்ச் சேர்ந்திருந்தது. முதலில் பார்த்த மேதாவி, தொற்று தொற்று என்று ஒரு வருஷம் மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளினார். மெர்வத் டாக்டர்தான் சாயம் ஏற்றிப் படமெடுத்துக் கண்டுபிடித்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் விஷயம் தெரிந்தால் ஃபவ்ஸி நாயைப் பாலைவனச் சாலையில் இறக்கிவிட்டு வந்துவிடுவான். வீடு அவன் பெயரில் இருந்தது. அதனால்தான், நாற்காலி நனைந்திருப்பதை அவன் பார்த்த அன்று, "வயசாயிடுச்சுடா, அடக்க முடியல" என்றார் அப்பா. ஐந்து வேளைத் தொழுகைக்கும் உடை மாற்றுகிற மனிதர்.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்று நேற்றுகூட மகளிடம் சொன்னார்.

சுஹைர் பொறுத்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாத காப்பியை ஊற்றினாள். "பாவம், அந்த நாத்தத்துல நீ எப்படித்தான் இருந்தியோ" என்று அவளைத் தேற்றினார்கள். அவளுக்கு எல்லோர் முகத்திலும் காப்பியை வீச வேண்டும் போலிருந்தது.

நாற்பதாம் நாள் ஃபவ்ஸி மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். லூலி காலடியில் படுத்திருந்தது. தையல் தெரியாமல் வயிற்றில் முடி வளர்ந்திருந்தது.

"பாத்தீங்களா மாமா, அவரு போனதும் வீடு எப்படிக் காஞ்சு கெடக்குது."

"ஒழுகினது அப்பாவுக்கு இல்லண்ணே. இதுக்கு. ஆபரேஷன் பண்ணி இப்ப சரியாயிடுச்சு."

"இதுக்கா? நான் வந்ததுலேருந்து இங்கதான் கெடக்குது. எங்க, ஒரு சொட்டு காமி பாப்போம்."

மாமா சிரித்தார். "அப்பா மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக வாயில்லா ஜீவன் மேல பழி போடாத சுஹைர்."

லூலி எழுந்தது. கதவருகே போய், சுஹைரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அதன் கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குப் போக வெளியே கூட்டிப் போனாள்.