வலது தாடைக்கு ஓர் ஊசி

அத்தான் என் பல் கிளினிக்குக்கு வந்தபோது, அக்கா எக்ஸ்ரே அறையில் ஒளிந்திருந்தாள்.

அரைமணி முன்புதான் வந்தாள். அவன் பெல்ட்டின் இரும்புக் கொக்கி பட்டு இடது புருவம் பிளந்து எலும்பு தெரிந்தது. எட்டு வருடமாக வாங்கியே பழகியவள் அன்றுதான் முதல்முறையாகத் திருப்பிக் கொடுத்திருந்தாள். அவளை உள்ளே வைத்துப் பூட்ட அவன் எடுத்த பூட்டைப் பிடுங்கி, ஒரு வாரமாகச் சீழ் வைத்து வீங்கியிருந்த அவனுடைய வலது தாடையிலேயே அடித்திருக்கிறாள். அவன் சுருண்டு விழுந்ததும் ஓடி வந்துவிட்டாள். காயத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். பூட்டை மட்டும் கையிலிருந்து விட மாட்டேன் என்றாள்.

போலீஸுக்குப் போன் செய்தேன். வரக் கால்மணி நேரம் ஆகும் என்றார்கள். கால்மணி நேரத்தில் ஒரு கழுத்தை எத்தனை முறை நெரிக்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நர்ஸ் வேறு சாப்பிடப் போயிருந்தார்.

அவன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். என் வாய் 'வாங்க அத்தான்' என்றது. வாய்க்கு அந்த மரியாதை பழக்கம். மனசுக்கு அவன் என்றைக்குமே அவன்தான்.

"உங்கக்கா எங்க?"

வரவில்லை என்றேன். என்னைத் தள்ளிவிட்டு ஓர் அடி வைத்தவன் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினான். பல் இரண்டாக உடைந்திருந்தது. முதலில் வலியை நிறுத்தலாம், அப்புறம் போய்த் தேடுங்கள், காசு வேண்டாம் என்றேன். ஓசி என்றதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். அவளைக் கண்டுபிடித்ததும் என்னென்ன செய்வான் என்று, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வரிசையாகச் சொன்னான். எக்ஸ்ரே அறைக்கு ஒரே ஒரு கதவு. அக்கா அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சீழ் வைத்த இடத்தில் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்காது. நரம்பு தாடைக்குள் நுழைகிற இடத்தைத் தேடி, கடைவாய்க்குப் பின்னால் போட வேண்டும். ஊசியைக் கண்டதும் சூரப்புலி கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. குத்தினேன். மருந்தைத் தள்ளுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தேன். ஊசியில் மாட்டியிருந்த மருந்துக் குழாய்க்குள் ரத்தம் புகுந்தது. ஊசி முனை ரத்தக் குழாய்க்குள் இருந்தது. இந்த மருந்து நரம்பின் மேல் நின்றால் மரப்பு, ரத்தத்தில் கலந்து மூளைக்கும் இதயத்துக்கும் நிறையப் போய்விட்டால் வலிப்பு, சில நேரம் சாவு. மேஜையில் இன்னும் ஆறு மருந்துக் குழாய்கள் இருந்தன.

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே யோசித்தேன்.

ஊசியை வெளியே எடுத்தேன். புதுக் குழாய் மாட்டி மறுபடி குத்தினேன். இந்த முறை ரத்தம் வரவில்லை. மெதுவாகத் தள்ளினேன். வலியை மூளைக்குச் சொல்லப் போகிற நரம்பின் வாசல்களை மருந்து அடைத்துவிடும். காயம் காயமாகவே இருக்கும், சேதி மட்டும் போகாது. ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

நாலாவது நிமிடம் உதடு மரத்துவிட்டது என்றான், சொல் குழறியது. துப்புவதற்காகத் திரும்பினான். தொட்டிக்குப் பக்கத்தில், அக்காவின் ரத்தத்தில் ஊறிய பஞ்சு கிடந்தது. நான் எடுத்துப் போட மறந்த பஞ்சு.

"இது யாரு ரத்தம்?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. என் வயிற்றில் ஓர் உதை. நான் எழுவதற்குள் எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்து, அக்காவை முடியைப் பிடித்து இழுத்து வந்து சுவரில் மோதினான். இரண்டாவது முறை மோதியபோது சுவரில் சிவப்பாக ஒட்டியது. அக்கா பூட்டை ஓங்கி, வீட்டில் அடித்த அதே இடத்தில் அடித்தாள். எலும்பில் இரும்பு படும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவன் சிரித்தான். மரத்த உதட்டின் ஓரம் எச்சிலும் ரத்தமும் வழியச் சிரித்தான். வீட்டில் அவனைச் சுருட்டிப் போட்ட ஒரே இடத்தை நானே மரக்க வைத்திருந்தேன். பாம்புக்குப் பால் வார்த்தது போதாதென்று படம் எடுக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவன் இரண்டு கைகளும் அக்காவின் கழுத்தில் இறுகின.

ஆனால் அந்த ஊசி பாதித் தாடைக்குத்தான். முகவாயின் நடுக்கோட்டோடு அது நின்றுவிடும்.

"மறுபக்கம்க்கா. அது மரத்துப் போச்சு, மறுபக்கம் அடி."

அடித்தாள். கை கழுத்தை விட்டது. இன்னொன்று. முழங்கால் மடிந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது அவன் தரையில் கிடந்தான். பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் உருண்டு வந்து நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பூட்டை வாங்கவில்லை.

போலீஸ் வந்து தூக்கியபோது இடது கன்னத்தைக் காட்டி ஊசி கேட்டான். அவன் உடம்பு இன்னும் நாலு குழாய் தாராளமாகத் தாங்கும். பெரிய ஆஸ்பத்திரியில் போடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அக்காவை நாற்காலியில் சாய்த்துப் புருவத்தைக் கழுவினேன். ஊசியை எடுத்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

"ஊசி எதுக்குடி? அப்படியே தச்சிடு. போன தடவ அவரே வீட்ல தச்சு விட்டாரு, துணி தைக்கிற நூலாலேயே. கத்தக் கூடாதுன்னு வாயில துணி வச்சு."

கண்ணாடியில் இடித்துக்கொண்டேன் என்று அவள் சொன்ன, முழங்கைக்கு மேலே கோணலாக ஓடும் அந்தத் தழும்பு. ரத்தம் புகுந்த குழாய் இன்னும் தட்டில் கிடந்தது. அதை ஏன் வெளியே எடுத்தேன் என்று அப்போது தோன்றியது.

அவள் கையை விலக்கிவிட்டுக் குத்தினேன். பின்னால் இழுத்தேன். ரத்தம் இல்லை. எரியாமலிருக்க ரொம்ப மெதுவாகத் தள்ளினேன். அக்கா நாற்காலிக் கைப்பிடியை நெரித்துக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"நாலு தையல் போட்டாச்சுக்கா."

அவள் விரலால் புருவத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு அடிக்கும் அழாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தலை குலுங்கியதால் ஐந்தாவது தையலுக்கு நான் நிறைய நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.