நாகையாவின் சக்கரக் கொட்டகை

எங்கள் தென்கடல் தீவில், தவுவாவிலிருந்து வத்துகௌலாவுக்குப் போகிற சாலையில், இன்று பழைய லொரிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் காலி மனை இருக்கிறதே, அங்கேதான் ஒரு காலத்தில் ஜனங்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். சொன்னால் பக்கத்து ஊர் ரக்கிரக்கிக்காரர்கள் சிரிக்கிறார்கள். கரும்பு வெட்டுகிற ஊரில் ஸ்கேட்டிங்கா என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆறு நாள் ரராவாய் ஆலைக்குக் கரும்பு சுமந்த லொரிகள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து அந்த வாசலில் வரிசையாக நின்றதை அவர்கள் எங்கே கண்டார்கள்?

அதைக் கட்டியவர் நாகையா. அவரும் கரும்பு லொரி ஓட்டினவர்தான். ஒருமுறை தலைநகர் சுவாவுக்குச் சாமான் ஏற்றப் போனவர், அங்கே பிள்ளைகள் சக்கர பூட்ஸ் போட்டு வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, லொரியை நடுரோட்டில் நிறுத்தி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து ஏசிய ஏச்சு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. ஊர் திரும்பியதும் மனுஷருக்கு வேறு பேச்சே கிடையாது. பூட்டிக் கிடந்த ஒரு தகரக் கிடங்கைப் பிடித்தார். வத்துகௌலா தங்கச் சுரங்கத்தில் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய ஸ்கேட்டிங் பூட்ஸ் ஒரு பெட்டி வாங்கினார். கரும்பு வெட்டுகிற கேங் மொத்தமும் வந்து, நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சிமென்ட் தரை போட்டுக் கொடுத்தது.

தரையை மழமழப்பாக்குகிற வேலை மருமகள் கம்லாவின் தலையில் விழுந்தது. நாகையாவின் ஒரே மகன் ஜிதேந்திராவின் மனைவி. கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பியிருக்கவில்லை. வீட்டுத் தரையை எப்படித் தேய்ப்பாளோ அப்படியே இதையும் தேய்த்தாள். தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, நார் தரையில் படும்படி கவிழ்த்து, இரண்டு காலுக்கும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து ஒடித்துக் கிடங்கு முழுவதும் சுற்றினாள். மாமனார் டப்பா டப்பாவாக மெழுகு வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போடுவதுபோல அதையும் தாராளமாகப் போட்டாள். தரை பளபளத்தது.

திறப்பு விழா அன்று தவுவாவே கீழே விழுந்தது. மெழுகு போட்ட தரையில் சக்கரம் நிற்குமா? தேங்காய் உடைக்க வந்த பூசாரி வெறுங்காலோடு விழுந்தார். தைரியமாகச் சக்கரம் கட்டிய அத்தனை பேரும் விழுந்தார்கள். விழாமல் தப்பித்தவர் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாகையா ஒருவர்தான். மெழுகை வாங்கிக் கொடுத்தது அவர். பழி விழுந்தது மருமகள்மேல். அந்த வீட்டு வழக்கப்படி மாமனார் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். அவளும் அவர் எதிரில் ஓர்னியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அதனால் அவர் தூணைப் பார்த்துச் சொன்னார்.

"தரையைத் தேய்ச்சா போதும். சக்கரத்துப் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க."

தூணுக்கு என்ன, கேட்டுக்கொண்டு நின்றது. கம்லாவுக்குத்தான் நெஞ்சு வெடித்தது. ஏனென்றால் விழுந்து எழுந்த அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் மட்டும், எப்படியோ, நாலு முழ தூரம் விழாமல் போனதை அவள் பார்த்திருந்தாள். காலைத் தூக்காமல் மனிதன் நகர்ந்தான். அன்றைக்குப் பிடித்த ஆசை. ஒரே ஒரு தடவை, இந்தத் தரையில், தானும் அப்படிப் போகவேண்டும்.

மெழுகைச் சுரண்டி எடுத்தபின் கொட்டகை பிழைத்துக்கொண்டது. அப்புறம் வெறும் மட்டைதான், சனிக்கிழமை தவறாமல். ஞாயிற்றுக்கிழமை அவள் கம்பி வலைக்குப் பின்னால் வடை சுட்டு விற்றபடி பார்ப்பாள். பார்க்கப் பார்க்கத் தீராது. கரும்பு வெட்டிக் கூன் விழுந்த ராமச்சந்திரன், தரையில் நடக்கும்போது மண்ணைப் பார்த்தே நடக்கிறவர், சக்கரத்தில் ஏறினதும் முதுகு நிமிர்ந்து மார்பை விரித்துக்கொண்டு போவார். அவர் அவ்வளவு உயரம் என்று அவர் மனைவிக்கே அங்கேதான் தெரியும். நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்து காய்வீத்தி, அதாவது தீவின் பூர்வகுடி, செமி என்று பெயர், பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற ஆள், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பின்னோக்கியே ஒரு சுற்று வருவான். கூடவே காய்வீத்திப் பெண்களும் மதராஸி விவசாயிகளும் இந்திப் பாட்டுக்குக் கைகோத்துச் சுற்றுவார்கள். எண்ணெய்ச் சட்டியில் வடை கருகுவதுகூடத் தெரியாமல் கம்லா நிற்பாள். மனுஷ ஜாதி இவ்வளவு அழகா என்று இருக்கும் அவளுக்கு.

எண்பத்தேழில், மே மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டாளத்துக்காரர்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து இந்தியர்கள் சேர்ந்திருந்த சர்க்காரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. நாகையா ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, தூணைத் தேடாமல், மருமகளின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"கம்லா, பிள்ளைங்களை உள்ள கூட்டிக்கம்மா."

அவள் பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் நேராகப் பேசும் அளவுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று புரிந்தது.

செப்டம்பரில் மறுபடியும் ஒரு தடவை ஆட்சியைப் பிடித்தார்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டம் வந்தது. கடை கூடாது, பஸ் கூடாது, விளையாட்டுக் கூடாது. சர்ச்சுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கலாம். கரும்புக்காரனுக்கு மற்ற நாளில் ஏது ஓய்வு? கொட்டகையைத் துப்பாக்கி காட்டி யாரும் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பறித்தார்கள், அது தானே மூடிக்கொண்டது.

அப்புறம் ஜனங்கள் போக ஆரம்பித்தார்கள். ராமச்சந்திரன் சிட்னிக்குப் போனார். பாட்டுத் தட்டு மாற்றிப் போடுகிற அப்பல்சாமி குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். யாராவது கண்ணில் பட்டால் "எப்பப் போறீங்க?" என்பதே நலம் விசாரிப்பாகிவிட்டது. கம்லா மட்டும் சனிக்கிழமை தோறும் போய், யாரும் ஓடாத தரையைத் தேய்த்துவிட்டு வந்தாள். 

கடைசியில் ஜிதேந்திராவுக்கும் ஆக்லாந்துக்கு விசா கிடைத்தது. அவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்.

"அந்தக் குளிர்ல நான் வந்து என்னத்தப் பண்றது? நீங்க போங்கப்பா. எனக்கு இங்க என்ன குறைச்சல்?" என்றார் நாகையா. மாதக்கணக்காக அதையே சொன்னார். சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை நந்தி ஏர்போர்ட்டில் பிளேன். சனிக்கிழமை தேய்க்க முடியாது என்பதால் கம்லா வெள்ளிக்கிழமை மத்தியானமே மட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். குத்தகை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் தகரத்தைக் கழற்றப் போகிறார்கள். செமி பூட்ஸையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கட்டை அவிழ்த்து ஒரு ஜோடியை எடுத்தான். அவளை அவன் பௌஜி, அண்ணி, என்பான்; நாகையாவை பாபு என்பான்.

"பௌஜி, இது உங்க காலுக்குச் சரியா இருக்கும். பாபு மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு."

ஓர்னியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். செமி வாரை மாட்டினான். எழுந்து நின்றவள் விழப்போகிறோம் என்று கண்ணை மூடினாள். இடுப்பு தன்பாட்டில் இந்தப் பக்கம் ஒடிந்தது, அந்தப் பக்கம் ஒடிந்தது. கண்ணைத் திறந்தபோது பாதிக் கொட்டகையைக் கடந்திருந்தாள்.

அடி ஆத்தே, என்றது மனசு. மட்டையில் போகும்போது தரை காலைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். இப்போது பிடிப்பாரில்லை. காற்று முகத்தில் வந்து மோதியது. மூலை மூலையாக அவள் தேய்த்த தரை, அவள் காலுக்கடியில் சத்தமில்லாமல் ஓடியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதைக் கொடுக்கத்தான் இத்தனை சனிக்கிழமை நாம் தேய்த்தோமா, இவ்வளவு பெரிய சந்தோஷத்தையா எல்லோருக்கும் கொடுத்தோம் என்று திகைத்துப் போனாள்.

மூன்றாவது சுற்றில் வாசலில் மாமனார் நின்றார்.

கம்லாவின் கை, பழக்க தோஷம், தலைக்கு ஓர்னியை இழுக்கத் தோளுக்குப் போனது. ஓர்னிதான் இடுப்பில் இருக்கிறதே. கை காற்றைப் பிடித்தது, கால் வேறு பக்கம் போனது, ஒரு சுற்றுச் சுழன்று அவர் காலடியிலேயே பொத்தென்று விழுந்தாள். செமி கையில் பூட்ஸோடு சிலையாக நின்றான்.

நாகையா காய்கறிப் பையைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார்.

"செமி, என் காலுக்கு என்ன சைஸ் இருக்கும்?"

"நீங்க இதுவரைக்கும் போட்டதே இல்லையா மாமா?" என்றாள் கம்லா, தரையில் உட்கார்ந்தபடியே.

"இல்லம்மா. கட்டினவனே விழுந்தான்னு ஊர் சிரிக்கும்னு பயம். உன்னை ஏன் தடுத்தேன்னு நெனைக்கிறே? நீயும் ஓடிட்டா, ஓடாதவன் நான் ஒருத்தன்தான் மிஞ்சுவேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் பூட்ஸுக்குள் நுழையாமல் நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கிழட்டுக் காலைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது. செமி வாரை மாட்டிவிட்டதும் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் தொட்டதே இல்லை. முதுகுப்பக்கமாகப் போவதும் மட்டை தேய்க்கிறவளுக்குப் பழக்கம்தான். மெல்லப் பின்னோக்கிப் போனாள். அவர் தூக்காத கால்கள் தானாக முன்னே வந்தன.

நாகையாவின் வாய் திறந்துகொண்டது. "ஓ," என்றார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "ஓ."

ஒரு சுற்று முடிந்தது. அவர் முதுகு நிமிர்ந்திருந்தது, கால் நடுக்கம் நின்றிருந்தது.

"மாமா, நல்லா வருது உங்களுக்கு. கையை எடுத்துக்கவா? நீங்களே போயிடுவீங்க."

"வேணாம்மா," என்றார் நாகையா. அவர் சிரிக்கவில்லை. "நாளையிலிருந்து எல்லாம் தனியாத்தானே. இன்னைக்குப் புடிச்சுக்க."

கம்லா அவர் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். செமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைக் கட்டினான். அவர்கள் இருவரும் அடுத்த சுற்றுக்குத் திரும்பினார்கள்.